எந்தக் கை

பாரிமுனையில், இருபது ரூபாய்ப் பத்திரத்தில்
டைப் அடிக்கிறவர் என்னை எதுவும் கேட்கவில்லை.
'மேற்படி நபருக்கு எவ்விதத் தீய பழக்கமும் இல்லை.'
அவர் விரல்களுக்கு அது மனப்பாடம்.
முற்றுப்புள்ளி வைத்த பிறகுதான் நிமிர்ந்தார்:
"மிலிட்டரியா? நல்லது தம்பி. நூத்தம்பது குடு."
கையெழுத்து மட்டும் என்னுடையது.

ஆயிரத்து அறுநூறு மீட்டர். ஐந்தரை நிமிடம்.
எண்ணூர் நெடுஞ்சாலையில் விடிகாலை நாலரைக்கு
துறைமுகத்துக்குக் காத்துக்கிடக்கும் கண்டெய்னர் லாரிகளை
எண்ணிக்கொண்டு ஓடினேன்.
வரிசை நகராத நாட்களில் எண்பத்திரண்டு லாரி.
பின்னால் ஸ்கூட்டியில் எஸ்தர் அக்கா,
ஒரு கையில் ஹேண்டில், ஒரு கையில் செல்போன்.
முதல் மாதம் ஒன்பது நிமிடம். அப்புறம் வாந்தி.
அவள் ஓரமாக நிறுத்தி
பாட்டில் மூடியைத் திறந்து வைத்திருந்தாள்.
என் வாந்தி அவளுக்குப் பழக்கம்.

செங்குன்றம் தாண்டி அந்த மையம்.
பதினான்கு பேருக்கு ஒரு கக்கூஸ்,
உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது.
தொண்ணூறு நாள்.
மணி அடித்தால் எழு, வரிசையில் நில், தலையை எண்ணு,
போர்வையை மடித்தால் நாலு மூலையும் ஒன்றாக.
இப்போது யோசித்தால்
பட்டாளத்தில் பாதியை அங்கேயே முடித்துவிட்டேன்.

பக்கத்துப் பாய் டில்லிபாபு.
எனக்குப் பல் கிட்டிக்கொண்ட ஒரு ராத்திரி
தூங்கவிடாமல் கேட்டான்:
"வெளிய போயி இன்னா ஆவப்போற?"
"தெர்ல."
"நான் மிலிட்டரி. அங்க எவனும் ஏரியா கேக்கமாட்டான்."

வெளியே போன பதினோராம் நாள்
பேசின் பிரிட்ஜ் தண்டவாளத்தோரம் கிடந்தான்.
நான் போய்ப் பார்க்கவில்லை.
ஓடிப் பழக அவன் வாங்கிய ஷூ
அட்டைப்பெட்டி பிரிக்காமல் இருந்தது.
அவன் அம்மா கொண்டுவந்து கொடுத்தாள்.
அது எட்டு. எனக்கு ஒன்பது.
கட்டைவிரல் நகம் இரண்டு தடவை கழன்றது.

தெருவில் என் பெயர் கீழ்ப்பாக்கம்.
கீழ்ப்பாக்கம் பக்கம் நான் போனதேயில்லை.
யாரிடம் போய்ச் சொல்ல.

மைதானத்தில் ஐந்து நிமிடம் இருபத்தொன்பது நொடி.
ஒரு நொடி மிச்சம்.
மார்பு எழுபத்தேழு, விரித்தால் எண்பத்திரண்டு.
பரங்கிமலை ஆஸ்பத்திரியில்
நீல நிறத்தில் ஒரு படிவம்.
பதினேழாவது கேள்வி:
போதைப் பழக்கத்துக்கு எப்போதாவது சிகிச்சை பெற்றதுண்டா?
ஆம், ஒரு கட்டம். இல்லை, ஒரு கட்டம்.
அதை மட்டும் விட்டுவிட்டு
மற்றதை எல்லாம் நிரப்பினேன்.
"இல்லைன்னு போடு" என்றிருந்தாள் அக்கா,
"இப்ப இல்லதானே."
அதில் பொய் எங்கே இருக்கிறது என்று
ரயிலில் தேடிக்கொண்டே வந்தேன்.

ரத்தம் எடுக்கிறவர் மலையாளி.
மீசைக்கு அடியில் ஏதோ பாட்டை விசிலடித்துக்கொண்டே
வலது முழங்கைக்கு மேல் ரப்பரைக் கட்டித் தட்டினார்.
மறுபடி தட்டினார்.
ஊசி இறங்கியது. காலி.
இடது கை. அதுவும் காலி.
பின்னால் ஜட்டியோடு நாற்பது பேர்.
அவர் நெற்றி வேர்ப்பதைப் பார்க்க முடியாமல்
வாய் முந்திக்கொண்டது:
"அங்க வராது சார்.
வலது புறங்கை. மோதிர விரலுக்கு நேர் மேல.
சின்ன ஊசி போடுங்க, கொஞ்சம் சாய்ச்சு."

விசில் நின்றது.

சொன்ன இடத்தில், சொன்ன மாதிரி,
குழாயில் ஏறியது.
இத்தனை சிவப்பாக இருக்கும் என்று
நான் நினைத்திருக்கவில்லை.
பஞ்சை வைத்து அழுத்தியபடி
குரலைத் தாழ்த்தி, தன் பாஷையிலேயே கேட்டார்:
"எத்ர நாளாயி?"
"நானூத்திப் பன்னெண்டு."
அவர் அதை எங்கேயும் எழுதவில்லை.
மேஜர் உட்கார்ந்திருந்த அறைக் கதவை ஒருமுறை பார்த்தார்.
அப்புறம் என் கையிலிருந்த படிவத்தை.

பேனா கேட்டேன்.
தயங்கித்தான் கொடுத்தார்.
பஞ்சு நழுவாமல்
அந்தக் கையாலேயே எழுத வேண்டியிருந்தது.